பக்கத்துப் பாய் காலி

உங்கள் வீட்டுப் பெண் வெளியூர் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறாள். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். இன்று ஒரு தகவலும் இல்லை. உங்களுக்குச் சோறு இறங்குமா, அம்மா?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே ஐபோன் பாகங்களைப் பூட்டும் பெண்களுக்கு 2021 டிசம்பரில் இதே தவிப்புத்தான். பூந்தமல்லி அருகே விடுதிச் சாப்பாடு கெட்டு, 159 பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். உடனே, சிலர் இறந்துவிட்டதாகப் பேச்சுக் கிளம்பியது. வெறும் வதந்தி! ஆனால் படுத்தவர்களில் சிலர் வேலைக்குத் திரும்பவில்லையே? பக்கத்துப் பாய் காலியாகக் கிடந்தால் மனம் எதைத்தான் நம்பாது? 17-ம் தேதி இரவு பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தொழிற்சாலை மூடியது. திறந்தது 2022 ஜனவரி 12-ல்தான். சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. மூடிய நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்று பாக்ஸ்கான் சொன்னது பாருங்கள், அது நல்ல காரியம். கிராமத்தில் அந்தப் பணத்தை எதிர்பார்த்து எத்தனை அடுப்புகள்!

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெரிய விடுதியைத் தமிழக அரசு திறந்தது. இத்தகைய இடத்துக்கு உங்களில் யாராவது வார்டனாகப் போனால் ஒன்று செய்யுங்கள். யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனால், அன்று இரவே அறைத் தோழிகளோடு போனில் நாலு வார்த்தை பேச வையுங்கள். டாக்டர் சொன்னதைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "இன்னும் தெரியவில்லை, காலை ஏழு மணிக்கு வந்து சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள்.