நாற்பதைத் தாண்டினால் களைப்பு வரத்தான் செய்யுமா?

"வயசு நாப்பத்தி மூணாகுது. முந்தி மாதிரி ஏலாது. மேட்டு மலையில ஏறினா மூச்சு வாங்குது, தலை கிறுகிறுன்னு வருது." லயத்துச் சகோதரிகளிடம் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். பக்கத்தில் இருப்பவரும் "வயசு போனா அப்படித்தான்" என்று சொல்லிவிடுவார். களைப்பினால் கொழுந்து குறைகிறது, கிலோ குறைந்தால் அரைப் பேர். நட்டம் உடம்போடு நிற்பதில்லை.

ஆனால் எல்லாக் களைப்பும் வயதினால் வருவதல்ல. நம் பெண்களிடம் பெரும்பாலும் காண்பது இரத்தச் சோகை. கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உட்புறம் சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் இரத்தம் சோதிக்க வேண்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது.

இரத்தம் ஊற இரும்புச் சத்து வேண்டும். "கீரை சாப்பிடுறோமே, பருப்பு சாப்பிடுறோமே" என்பீர்கள். உண்மைதான். அது எங்கே போகிறது? இங்கேதான் நாம் பறிக்கிற கொழுந்தே நமக்கு எதிராக நிற்கிறது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், சாப்பாட்டிலுள்ள இரும்பைக் குடலுக்குள்ளேயே பிடித்துக்கொள்கிறது. அது உடம்பில் சேராமல் மலத்தோடு வெளியே போய்விடும். ரொட்டியைக் கடித்துக்கொண்டே சாயத் தண்ணி குடித்தால், கிடைக்க வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் இழக்க நேரிடும். பால் ஊற்றினாலும் அப்படித்தான்.

தேத்தண்ணியே குடிக்காதீர்கள் என்று யார் சொல்வது? குளிரிலும் மழையிலும் நிற்கிறவர்களுக்கு அது வேண்டும். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். விடிய எழும்பியவுடன் குடியுங்கள், ரொட்டியைப் பிரட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். பகல் சோற்றுக்குப் பின்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள். சாப்பாட்டோடு கொதித்தாறிய தண்ணீர் போதும். (மலையில் கக்கூசு இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. அது அவர்கள் குற்றமல்ல. ஆனால் அதனாலும் தலைவலியும் களைப்பும் வரும்.)

தேயிலை தடுப்பதைத் தேசிக்காய் ஓரளவு ஈடுசெய்யும். பருப்பை இறக்கியபின் அரைத் தேசிக்காயைப் பிழிந்து விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் சத்து கெட்டுப்போகும். வல்லாரைச் சம்பலுக்கும் அப்படியே. வேலியோரத்துக் கொய்யாப்பழமும் அதே வேலையைச் செய்யும், பிள்ளைகள் மட்டும் தின்னட்டும் என்று விட்டுவிடாதீர்கள். நெத்தலி, மீன், ஈரல் இவற்றிலுள்ள இரும்பு இன்னும் இலகுவாக உடம்பில் சேரும். வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தபின் மிஞ்சுவதல்லாமல், உங்கள் பங்கென்று ஒரு துண்டு எடுத்து வையுங்கள். கருவாடு அளவோடு இருக்கட்டும், உப்பு பிரஷரைக் கூட்டும்.

சாப்பாடு மட்டும் போதாத இடங்களும் உண்டு. வெறுங்காலோடு நடப்பதால் கொக்கிப் புழு தோல் வழியே ஏறி, குடலில் இருந்து இரத்தம் குடிக்கும். அதற்கு மருந்து உண்டு. நாற்பதுக்கு மேல் மாதவிலக்கு அதிகமாகப் போனாலும், நாள் நீண்டாலும் வெட்கப்படாமல் மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள். 35, 45 வயதுகளில் சுகவனிதையர் கிளினிக்கில் பிரஷரும் சீனியும் பார்ப்பார்கள், கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சோதனையும் செய்வார்கள். ஆண்களுக்கு இரத்தம் குறைந்தால் சாப்பாட்டுக் குறை என்று விட்டுவிடக் கூடாது. வயிற்றில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று டொக்டர் பார்க்க வேண்டும்.

இரும்பு மாத்திரை தந்தால் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். வயிற்றைப் பிரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீரோடு எடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். இரண்டு கிழமையில் உடம்பு தேறின மாதிரி இருக்கும்போதுதான் பலர் மிச்ச மாத்திரையை இறாக்கையில் போட்டு மறந்துவிடுகிறார்கள். இரத்தம் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் எடுத்தால்தான் உடம்பில் இருப்புச் சேரும்.