மழலையின் 'வேணாம்'

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் ஞாயிறு திருப்பலிக்கு வரும் மழலைகளைக் கவனியுங்கள். கைநீட்டி 'அம்மா' என்றால் தூக்கச் சொல்கிறது. மின்விசிறியைக் காட்டி 'அம்மா' என்றால் பார்க்கச் சொல்கிறது. மொழியியலாளர் மைக்கேல் ஹாலிடே தம் மகனின் பேச்சை ஆராய்ந்து 1975-இல் நூல் வெளியிட்டார். கேட்பதும் ஏவுவதும் உறவாடுவதும் முதலில் வருமாம். பிறர் அறியாததைச் சொல்வது கடைசியில்தான். நம் தமிழில் மறுப்புக்கே எத்தனை சொற்கள்! பால் தீர்ந்தால் 'இல்ல', ஊட்டினால் 'வேணாம்', கூப்பிட்டால் 'மாட்டேன்'. ஆங்கிலக் குழந்தைக்கு எல்லாவற்றிற்கும் 'நோ' போதும். இதைப் பிடிவாதமென்று அதட்டி, கையில் செல்போனைத் திணிக்கிறோமே! பதில் பேசுங்கள். இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டால், 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று காத்திராமல், காது கேட்கிறதா என மருத்துவரிடம் காட்டுங்கள்.