மலைமேல் ஓர் ஏரி



கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் நாங்கள் குடும்பத்துடன் கேமரன்மலைக்குச் சென்று மூன்று நாள்கள் தங்கி வந்தோம். சுற்றுலா என்பது கண்ணுக்கு மட்டும் விருந்தன்று. கருத்துக்கும் விருந்தாதல் வேண்டும். ஆங்குக் கண்டவை பல. அவற்றுள் ஓர் ஏரியைப் பற்றியே இங்குச் சிறப்பாக விளக்க விழைகின்றோம்.

தாப்பா நகரிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மலைப்பாதை. வளைவுக்கு மேல் வளைவு. எம் அன்னையார் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே வந்தார். லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியருகே சற்று இளைப்பாறி மீண்டும் ஏறத் தொடங்கியதும் குளிர்காற்று வீசியது. "மேலே போகப் போகக் கதிரவனுக்கு அருகில் செல்கின்றோமே! வெப்பம் அன்றோ கூட வேண்டும்?" என்று எம் இளைய மகள் வினவினாள்.

நல்ல வினா. கதிரவனின் தொலைவோடு ஒப்பிட்டால் மலையின் உயரம் ஒரு பொருட்டே அன்று. கதிரொளி முதலில் நிலத்தைச் சூடாக்குகின்றது. நிலம் தன்மேல் படிந்த காற்றைச் சூடாக்குகின்றது. அக்காற்று மேலெழும்போது, அழுத்தம் குறைவதால் விரிந்து குளிர்கின்றது. பொதுவாக ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்திற்கும் ஏறத்தாழ 0.6 பாகை வெப்பம் குறையும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருப்பதால், நம் தோட்டத்தைவிட அங்கு எட்டு, ஒன்பது பாகை குளிர்ச்சி மிகுதி. நாங்கள் தங்கிய விடுதி அறையில் மின்விசிறியே இல்லை. இரு போர்வைகள் இருந்தன.

1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தமையால் அவர் பெயரே இதற்கு நிலைத்தது. 1920-களில் இதனை மலைவாழிடமாக்கும் முயற்சி தொடங்கியது. 1929இல் இங்குப் போ தேயிலைத் தோட்டம் உருவாயிற்று. காட்டை வெட்டித் தேயிலை நட்ட கைகளுள் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோரின் கைகளும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

இனி ஏரிக்கு வருவோம். ரிங்லெட் ஊரைக் கடந்ததும் சாலையோரத்தில் நீண்டதோர் ஏரி தென்பட்டது. "இவ்வளவு உயரத்தில் ஏரியை யார் வெட்டினர்?" என்றாள் மகள். யாரும் வெட்டவில்லை. 1960-களின் தொடக்கத்தில் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பக்கார் அணை கட்டப்பட்டது. தடுக்கப்பட்ட ஆறு பள்ளத்தாக்கில் தேங்கி ஏரியாயிற்று. தெலோம் ஆற்றின் நீரும் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இதனோடு சேர்க்கப்படுகின்றது.

இந்நீரின் பயணம் வியப்பிற்குரியது. பெர்த்தாம் ஆறு இயல்பாகப் பகாங் மாநிலத்தின் வழியே ஓடித் தென்சீனக் கடலில் சேர வேண்டியது. ஆனால் ஏரி நீர் மற்றொரு சுரங்கத்தின் வழியே நடுமலைத் தொடரைக் கடந்து பேராக் பக்கம் செல்கின்றது. அங்கு ஐந்நூறு மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாயில் பாய்ந்து, நிலத்தடியில் அமைந்த மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகின்றது. அங்கிருந்து வெளியேறும் நீர் கீழே வோ என்னுமிடத்தில் மீண்டும் ஒருமுறை மின்சாரம் தந்துவிட்டு, பத்தாங் பாடாங் ஆற்றோடு மலாக்கா நீரிணையை நோக்கிச் செல்கின்றது. கிழக்கே போகவேண்டிய நீர் மேற்கே போகின்றது!

எம் இளமையில் நாங்கள் தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்தவர்கள். அந்நாளிலேயே இந்த ஏரி மின்சாரம் தந்துகொண்டிருந்தது. எம் லயத்தை அது வந்தடையப் பல ஆண்டுகள் ஆயின. அதனால் ஏரியை நன்றியோடு நோக்கி நின்றோம்.

அப்போதுதான் அன்னையார் ஒன்று கூறினார். முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர் அவர், பள்ளி சென்றறியாதவர். "என்னப்பா, தண்ணீர் பால் கலந்த தேநீர் போல இருக்கிறதே! மேலே யாரோ மண்ணை மொட்டையாகப் போட்டிருக்கிறார்கள்" என்றார்.

உண்மையே. மறுநாள் மேலே சென்றபோது, சரிவான மலைப்பகுதிகளில் காடு அழிக்கப்பட்டு, செம்மண் வெறுமையாகக் கிடந்த இடங்களைக் கண்டோம். காட்டில் மழைத்துளி முதலில் இலையில் விழுகின்றது; பின் சருகில் விழுகின்றது; மெல்ல மண்ணுள் இறங்குகின்றது. வேர்கள் மண்ணைப் பற்றிக்கொள்கின்றன. வெறுமையான சரிவிலோ துளி நேரே மண்ணைத் தாக்கிப் பெயர்த்து, ஓடையில் சேர்த்துவிடுகின்றது. ஓடும் நீர் மண்ணைச் சுமக்கும். தேங்கிய நீர் சுமக்காது. ஆகவே ஏரியை அடைந்ததும் அம்மண் அடியில் படிகின்றது.

படியும் மண்ணால் என்ன கேடு என வினவலாம். குடத்தில் பாதி மணல் இருந்தால் பாதித் தண்ணீரே கொள்ளும். ஏரியும் அவ்வாறே. இடம் குறைந்தால் பெருமழையில் விரைவில் நிரம்பும். அணையைக் காக்க மதகைத் திறந்தே ஆகவேண்டும். 2013ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் பெருமழையின்போது அணை நீர் திறந்துவிடப்பட்டது. கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது, வீடுகளைச் சிதைத்தது. மேலே மண்ணை இழந்தவர் ஒருவர். கீழே வீட்டை இழந்தவர் மற்றொருவர். இவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டதுகூட இல்லாதிருக்கலாம். ஏரியில் படிந்த மண்ணை இயந்திரங்களால் அள்ளுகின்றனர். ஆயினும் மழைதோறும் புதுமண் வந்து சேர்கின்றது.

இதற்கு மாற்று வழி நம் தோட்டத்து மக்கள் அறிந்ததே. சரிவில் படிப்படியாக நிலத்தை அமைத்து மரம் நடுவதும், கன்றுகளுக்கு இடையே கொடிச்செடிகளைப் படரவிடுவதும், ஓடும் மண் தங்குவதற்குக் குழி வெட்டுவதும் அவர்கள் கைப்பழக்கம். அன்னையாருக்கு நீரின் நிறம் சொன்ன செய்தியை, நூல்கள் பல படித்த நாங்கள் முதலில் காணவில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

மாணவர்களே! இரண்டு தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெறும் மண்ணையும், மற்றொன்றில் புல்லோடு பெயர்த்த மண்ணையும் இட்டுச் சற்றுச் சாய்த்து வையுங்கள். இரண்டின்மேலும் ஒரே அளவு நீரைப் பூவாளியால் ஊற்றி, வடியும் நீரைத் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் பிடியுங்கள். எந்தக் குவளை கலங்கியது, எது தெளிந்தது என்று நீங்களே கண்டு எழுதுங்கள். பின்னர் வீட்டிலுள்ள பாட்டி, தாத்தாவிடம் காட்டி, அவர்கள் காலத்தில் தோட்டத்து மண்ணை எவ்வாறு காத்தனர் என்று கேளுங்கள். அவர்கள் கூறும் விடையும் பாடமே.

பெற்றோர்களே! விடுமுறையில் பிள்ளைகளை எங்கேனும் அழைத்துச் செல்லுங்கள். நெடுந்தொலைவு செல்ல இயலாவிடில், தோட்டத்து ஆற்றங்கரைக்கேனும் அழைத்துச் செல்லுங்கள். மழை பெய்த மறுநாள் அந்நீரின் நிறத்தைக் காட்டி, அம்மண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அவ்வினாவிலிருந்தே அறிவு தொடங்கும்.