ஸ்விட்ச் மாற்றினால் பாட்டு இனிக்குமா?

வெள்ளவத்தையில் இருந்து ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவர் ஒரு பின்னேரம் கல்கிசையில் உள்ள எனது கடைக்கு வந்தார். நீண்ட கால வாடிக்கையாளர். இசை என்றால் உயிர். சீடி அலுமாரியை மூடிவிட்டு இப்போது இன்டர்நெட் வழியாகவே பாட்டுக் கேட்கிறார்.

"நானா, இந்த ஸ்விட்ச் ஒண்டும் கேபிள் ரெண்டும் எடுப்பிச்சுத் தாங்கோ. விலையைப் பற்றி யோசிக்க வேண்டாம்" என்று ஒரு துண்டை நீட்டினார்.

விலையைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்ற வார்த்தை நமது காதில் வருஷத்திற்கு ஒரு முறை விழுந்தால் பெரிய விஷயம். ஸ்விட்ச் என்றதும் லைட் போடும் சுவிட்சை நினைத்து விடாதீர்கள். ரவுட்டரில் இருந்து வரும் ஒரு இணைப்பைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி அது. சாதாரண ஐந்து வாய்ப் பெட்டி 20 டொலர் அளவில் கிடைக்கும். "ஹை-ஃபை பிரியர்களுக்கு" என்று பெயர் போட்டால் அதே வேலையைச் செய்யும் பெட்டி ஆயிரம் டொலரையும் தாண்டும். அவர் கேட்டது அந்த வகை. எனக்கு வரக்கூடிய இலாபத்தை மனதில் கணக்குப் போட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனாலும் இரண்டு நாள் தவணை கேட்டேன். கேபிள் விற்பவன் அதற்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

சீடி தரத்தில் ஒரு பாட்டு ஓட விநாடிக்கு 1.4 மெகாபிட் போதும். 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் என்று விற்கப்படும் உயர்ந்த தரத்திற்கும் 9.2 மெகாபிட்தான். 20 டொலர் பெட்டி 1000 மெகாபிட் தாங்கும். பத்து லொறி போகும் பாதையில் சைக்கிள் போவது போல.

அடுத்தது, கேபிளில் போவது இசை அல்ல, இலக்கங்கள். சிறு சிறு பொதிகளாகப் போகின்றன. ஒவ்வொரு பொதியிலும் சரிபார்க்கும் எண் இருக்கிறது. பொதி பழுதானால் எறியப்பட்டு, அதே பொதி மீண்டும் கேட்டு வாங்கப்படும். வந்தவற்றை பிளேயர் தனது நினைவகத்தில் சேர்த்து வைத்து, தனது சொந்தக் கடிகாரத்தின்படி வாசிக்கிறது. ஆகவே இணைப்பு மோசமானால் பாட்டு விக்கும், நின்று போகும். குரல் இனிமையாவதோ மத்தளம் கனப்பதோ கேபிளால் நடக்காது. மின் இரைச்சல் உள்ளே வரும் என்று சிலர் வாதிடுவார்கள். ஈதர்நெட் வாய்க்குள் அதைத் தடுக்கவே சிறு டிரான்ஸ்போமர்கள் இருக்கின்றன.

இது உலகத்திற்குப் புதிய சங்கதியுமல்ல. 2008இல் டெனொன் நிறுவனம் தனது கருவிகளை இணைக்க ஒன்றரை மீற்றர் கேபிளை 499 டொலருக்கு விட்டது. எந்தப் பக்கமாகப் பொருத்த வேண்டும் என்று அம்புக்குறி வேறு! பார்த்தவர்கள் சிரித்தார்கள். 2015இல் ஆர்ஸ் டெக்னிக்கா சஞ்சிகை விலை கூடிய ஈதர்நெட் கேபிள் ஒன்றை லாஸ் வேகாஸில் ஆட்களிடம் கேட்க வைத்துப் பார்த்தது. சாதாரண கேபிளில் இருந்து அவர்களால் அதைப் பிரித்தறிய முடியவில்லை.

இதையெல்லாம் டொக்டரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "என்ர காது பொய் சொல்லாது நானா" என்றார். தனது நண்பரிடம் இருந்து ஒரு விலை கூடிய கேபிளை இரவலாக வாங்கி வைத்திருந்தார். அவரது வீட்டுக்கே போனேன். அவரை ஸ்பீக்கர் முன்னால் இருத்தி, எனது மகன் திரைக்குப் பின்னால் நாணயம் சுண்டி, விழுந்தபடி கேபிளை மாற்றினான். பத்துத் தடவை. நான்கு தடவைதான் சரியாகச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. பிறகு தேநீர் வந்தது.

உண்மையான கோளாறு மேல்மாடியில் இருந்தது. அங்கே பாட்டு அடிக்கடி நின்றது. கொங்கிரீட் தட்டைத் தாண்டி வைஃபை போகவில்லை. கீழே இருந்து ஏற்கனவே இழுத்திருந்த கேபிளைப் பிளேடால் சுரண்டினேன். வெளியே செம்பு, உள்ளே வெள்ளை. அலுமினியத்திற்குச் செம்பு பூசிய சரக்கு! தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தை எடுத்துக் காட்டிய சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஆயிரம் டொலர் ஸ்விட்சைப் பணக்காரர் ஒருவர் ஆசைக்கு வாங்குகிறார். இந்தப் பூச்சுக் கேபிளையோ கடைக்காரர், பாடசாலை, சிறு ஹோட்டல் எல்லாம் தெரியாமல் வாங்குகின்றன. அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். வளைத்தால் லேசில் முறியும். கேட் 5ஈ, கேட் 6 தரங்கள் கேட்பது முழுச் செம்பை. 305 மீற்றர் பெட்டியை வாங்கும்போது தூக்கிப் பாருங்கள், பூச்சுச் சரக்கு பாரம் குறைவு. பிறகு நுனியைச் சுரண்டிப் பாருங்கள். பூச்சுக் கேபிளைச் செம்பு என்று பில் போடுவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழும் மாட்டும்.

டொக்டருக்கு முழுச் செம்புக் கேட் 6 கேபிள் இழுத்து, சாதாரண ஸ்விட்ச் ஒன்று பூட்டினேன். கடற்காற்றில் முனைகள் உப்புப் பிடிக்கும் என்பதால் தங்கப் பூச்சு உள்ள நல்ல முனைகள் போட்டேன். இந்தப் பூச்சுக்கு அர்த்தம் இருக்கிறது, விலையும் சில்லறைதான். பெரிய ஓடரை ரத்துச் செய்துவிட்டு, மிச்சக் காசில் ஸ்பீக்கரை மாற்றப் போவதாகச் சொன்னார். ஸ்பீக்கர் நான் விற்பதில்லை. பம்பலப்பிட்டிக்கு அனுப்பி வைத்தேன்.