பெயரில் வாழும் பதவி

சீன தேசத்தில் சீமா, சீத்து, சீகோங் என்னும் குடும்பப் பெயர்கள் மூன்றும் 'நிர்வகித்தல்' என்று பொருள்படும் ஒரே எழுத்தைத் தலையில் தாங்கி நிற்பதும், அவை ஆதியில் அரசாங்கத்தின் மகோன்னதமான உத்தியோகப் பெயர்களாக இருந்து, பின்னர் வம்சப் பெயர்களாக நிலைத்தவை என்பதும் சரித்திரம் கூறும் செய்தி. சரித்திராசிரியர் சீமா சியென் அவ்வாறு பெயர் பெற்றவரே.

அதற்கு நிகரான சான்று நம் புதுக்கோட்டைச் சீமையிலேயே, நார்த்தாமலை மேலமலையின் விஜயாலய சோழீச்சுரத்தில் இருக்கிறது. சாத்தன் பூதி என்ற இளங்கோவதி அரையர் எடுப்பித்த கற்றளி மழையால் இடிந்தழிய, மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதி அரையன் அதனைப் புதுப்பித்தான் என்று அக்கோயிற் சாசனம் உரைக்கின்றது. கட்டியவரும் புதுப்பித்தவரும் இயற்பெயரால் வேறுபட்டும், 'அரையர்' என்னும் பட்டத்தால் ஒன்றுபடுவதைக் கவனியுங்கள். அரசன் என்பதன் மற்றொரு வடிவமே இச்சொல். முத்தரையர், பல்லவரையர் என்ற பெயர்களிலும் அது விளங்குகிறது. தொண்டைமான்களுக்கு முன் இப்பகுதியை ஆண்டவர்களும் பல்லவராயர்களே.

சோழர் ஆட்சியில் உயர் அதிகாரிகள் பெற்ற மூவேந்தவேளான் என்ற பட்டமும் இவ்வகையினதே. தஞ்சைப் பெரிய கோயிலில் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன், தென்னவன் மூவேந்தவேளான் எனப்பட்டான்.

நார்த்தாமலைக்குச் செல்லும் நேயர்கள் கோயிலின் அழகோடு, அந்தச் சிறு சாசனத்தையும் நின்று பார்த்து வரவேண்டும்.