சுருங்குறித்தொடரும் சொல்லெல்லையும்

கணிப்பொறியில் ஏற்றப்பெற்ற நூலொன்றில் ஒரு சொல்லை நூல் முழுவதும் ஒரே ஏவலால் மாற்றுதல் இன்று பதிப்பாசிரியர்க்கு எளிதாகியுள்ளது. இதற்குக் கருவியாவது ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் சுருங்குறித்தொடர். ஸ்டீபன் கிளேனி என்னும் கணித அறிஞர் 1956இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் கொள்கை இடம்பெற்றது. கென் தாம்ப்சன் 1968இல் அதனைச் சொல் தேடும் முறையாக விளக்கினார். 1987இல் தோன்றிய பெர்ல், 1991இல் தோன்றிய பைதான் ஆகிய ஸ்கிரிப்ட் மொழிகள் இதனைப் பலரும் கையாளுமாறு செய்தன. இக்கருவியைத் தமிழ்ப் பாடங்களுக்குப் பயன்படுத்துங்கால் கருதத்தக்கன சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

உயிர்முதற் சொல்லின் முன் வரும் 'ஒரு' என்பதை 'ஓர்' என மாற்ற விரும்புகின்றோம் எனக் கொள்வோம். வெறுமனே தேடி மாற்றின், 'ஒரு மரம்' என்பதும் 'ஓர் மரம்' ஆகிவிடும். 'ஒருவர்' என்பதும் சிதையும். ஆகலின், 'ஒரு ([அ-ஔ])' எனத் தேடுதொடரை அமைக்கின்றோம். பகர அடைப்பு உயிரெழுத்துள் யாதேனும் ஒன்றைக் குறிக்கும். அதனைச் சூழ்ந்த வளைவடைப்பு, கண்ட எழுத்தை நினைவில் இருத்தும். மாற்றுத்தொடரை 'ஓர் \1' எனக் கொடுப்பின், அவ்வெழுத்து \1 நின்ற இடத்து மீளும். 'ஒரு அரசன்' என்பது 'ஓர் அரசன்' ஆக, 'ஒரு மரம்' மாறாது நிற்கும்.

சொல்லெல்லையை வரையறுக்குமிடத்தோ ஓர் இடர் உளது. மாணவர் பதிப்பொன்றில் 'பிற' என்னும் தனிச்சொல்லை 'மற்ற' என மாற்றக் கருதி, இருபுறமும் சொல்லெல்லைக் குறி இட்டுப் பைதானோடு வரும் கருவியை ஏவுவோமாயின், 'பிறர்' மாறாது. ஆயின் 'பிறை' என்பது 'மற்றை' ஆகும். 'இளம்பிறை' என்பது 'இளம்மற்றை' ஆகும். 'மற்றை' என்பதும் தமிழ்ச்சொல்லே ஆதலின், மெய்ப்புத் திருத்துவோர் கண்ணுக்கும் இப்பிழை எளிதிற் புலப்படாது.

இதன் காரணம் குறிமுறையில் உளது. தொல்காப்பியர் புள்ளியொடு நிற்றலை மெய்யின் இயல்பென்றார். அகரம் சேருங்கால் புள்ளி நீங்கும். யூனிகோடு முறையோ இதற்கு மறுதலையாக அகரவுயிர்மெய்யை முதலாகக் கொண்டு, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனிக்குறிகளாகப் பின் சேர்க்கின்றது. இலக்கணத்தார்க்கு ஓரெழுத்தாகிய 'றை' ஈண்டு இரு குறியாகும். மேற்கூறிய கருவி 'ற' என்பதைச் சொல்லின் உறுப்பாகக் கொள்ளும். அதனைத் தொடரும் ஐகாரக் குறியை அங்ஙனம் கொள்ளாது. எனவே 'பிற' என்ற அளவில் சொல் முடிந்ததெனத் துணிகின்றது. 'இளம்' என்பதன் ஈற்றுப் புள்ளியும் அவ்வாறே எல்லையாகின்றது.

இதனை நீக்கும் வழி, எல்லையை நாமே வகுத்தலாம். யூனிகோட்டில் தமிழுக்கென ஒதுக்கிய 128 இடங்களை ஒரு தொகுதியாகக் கொண்டு, அத்தொகுதியுள் எதுவும் முன் வரலாகாது என்பதை (?<!…) என்னும் குறியாலும், பின் வரலாகாது என்பதை (?!…) என்னும் குறியாலும் உணர்த்துதல் வேண்டும். 'கொ' போன்றவற்றின் உயிர்க்குறி ஒரு குறியாகவோ இரு குறியாகவோ பதிவாகியிருத்தல் கூடுமாதலின், தேடுமுன் பாடம் முழுவதையும் ஒருநெறிப்படுத்தலும் இன்றியமையாதது.

ஏட்டுப்பிழையைப் பிற ஏடுகளோடு ஒப்புநோக்கிக் களையலாம். ஒரே ஏவலால் நூல் முழுவதும் பரவும் பிழையோ, மூலத்தைக் காவாதவழித் தடமின்றி நிலைத்துவிடும். ஆகலின், மூலத்தை வேறாகக் காத்து, பொருந்தும் இடங்களைப் பட்டியலாக்கி நோக்கிய பின்னரே படியொன்றில் மாற்றுதல் முறை. எழுத்து யாது, சொல் யாது என்னும் இலக்கண வினாக்களுக்கு விடை வகுத்த பின்னரே கருவியை ஏவுதல் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.