முப்பது அறைகள், ஒரு மலை

கணினி விளையாட்டு என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன, நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கும் மாபெரும் ஆட்டங்களே. அவற்றுக்கு விலையுயர்ந்த கணினி வேண்டும். விரைவான இணையமும் வேண்டும். கேமரன் மலையில் மழை பிடித்துக்கொண்டால் தோட்டத்து வீடுகளில் இணையம் என்ன பாடுபடும் என்பதை அங்கு வளர்ந்தவர்கள் அறிவர். ஆகவே, கடந்த ஆண்டு இறுதி விடுமுறையில் என் தம்பி பழைய மடிக்கணினி ஒன்றில் மணிக்கணக்காக எதையோ ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டு நான் வியந்தேன். திரையில் இருந்தது சிவப்புத் தலைமுடி கொண்ட ஒரு சிறு உருவம் மட்டுமே. அது தாவியது, முள்ளில் பட்டது, சிதறியது, மீண்டும் தோன்றியது.

"எத்தன தடவடா சாவ? உனக்கு அலுப்பே வராதா?" என்று அம்மா கேட்டார்.

"இருநூத்திப் பன்னெண்டும்மா," என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அந்த ஆட்டத்தின் பெயர் செலஸ்ட். 2018-ஆம் ஆண்டு இதே பெயரில் வெளிவந்து விருதுகள் பல பெற்ற பெரிய ஆட்டம் வேறு. இது அதற்கு மூலமான சிற்றாட்டம். மேடி தோர்சன், நோயல் பெர்ரி எனும் இருவர் 2015-இல் நான்கே நாள்களில் இதைச் செய்து முடித்தனர். இன்றும் இதனை இணையத்தில் இலவசமாக ஆடலாம். ஒரு மலையில் ஏற வேண்டும் என்பதே இதன் கதை. ஓர் அறை 100 மீட்டர், அவ்வாறு 30 அறைகளைக் கடந்தால் 3000 மீட்டர், அதன்பின் உச்சி. நம் பிரிஞ்சாங் மலை 2000 மீட்டருக்குச் சற்றே மேல் என்பதால், "நம்ம மலைய 21-ஆவது அறையிலேயே தாண்டிட்டேன்" என்று தம்பி பெருமையடித்துக்கொண்டான். வழியெங்கும் பறிப்பதற்கு ஸ்ட்ராபெரிப் பழங்கள் வேறு இருக்கின்றன. கேமரன் மலையை நினைத்துத்தான் செய்தார்களோ என்று எண்ணத் தோன்றும், அப்படியெல்லாம் இல்லை. பெரிய ஆட்டத்தில் வரும் மலை கனடாவில் இருப்பதாகக் கதை.

இந்தச் சிற்றாட்டம் 'பிகோ-8' எனும் மென்பொருளில் செய்யப்பட்டது. ஜோசஃப் வைட் என்பவர் உருவாக்கிய இதனை ஒரு கற்பனை விளையாட்டுப் பெட்டி எனலாம். அப்படியொரு பெட்டி எந்தக் கடையிலும் கிடையாது. கணினிக்குள் மட்டுமே உண்டு. வேண்டுமென்றே இதற்கு இறுக்கமான எல்லைகளை வகுத்திருக்கிறார்கள். திரை 128-க்கு 128 பிக்சல், நிறங்கள் 16, ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஒலித்தடங்கள் 4, ஆட்டம் முழுவதும் 32 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். நாம் புலனத்தில் அனுப்பும் ஒரு காலை வணக்கப் படம் இதைவிடப் பெரிது! இன்னொரு வேடிக்கை, இந்த ஆட்டங்களை ஒரு படமாகவே சேமித்து வைக்கலாம். படத்தின் நிற எண்களில், கண்ணுக்குத் தெரியாத கடைசி இலக்கங்களுக்குள் நிரல் ஒளிந்திருக்கும்.

எல்லை குறுகியதால் செய்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். செலஸ்ட்டில் நம் கைக்குக் கொடுக்கப்பட்டவை நடப்பது, தாவுவது, பாய்வது ஆகிய மூன்று மட்டுமே. தொடக்கத்தில், காற்றில் இருக்கும்போது ஒருமுறைதான் பாயலாம். பாய்ந்தவுடன் தலைமுடி சிவப்பிலிருந்து நீலமாகும். தரையைத் தொட்டால் மீண்டும் சிவப்பு. இதற்கு விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை. ஆட்டத்தில் சொற்களே மிகக் குறைவு. பாதி மலையில் வரும் ஒரு நினைவுக்கல்லில்தான் சில வரிகள் உள்ளன. எந்த மொழிக்காரரும் உடனே ஆடத் தொடங்கலாம்.

இவ்வகை ஆட்டங்களில் மனிதரைக் கட்டிப்போடுவது எது என்பதை இனிப் பார்ப்போம். 1980-களின் காசு போட்டு ஆடும் எந்திரங்களை எடுத்துக்கொள்வோம். 1981-இல் வந்த டாங்கி காங் ஆட்டத்தில் வழக்கமாக மூன்று உயிர்கள். மூன்றும் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இன்னொரு காசும் போட வேண்டும். அங்கே தோல்விதான் வருமானம். செலஸ்ட்டிலோ உயிர்க்கணக்கு என்பதே இல்லை. இறந்தால் அந்த ஒரே அறையின் தொடக்கத்திற்குத் திரும்புகிறோம். அதன் நிரலைப் படித்துப் பார்த்தேன். இறப்புக்கும் அறை மீண்டும் தொடங்குவதற்கும் இடையில் 15 சட்டகங்களே விடப்பட்டுள்ளன. விநாடிக்கு 30 சட்டகம் என்பதால் அது சரியாக அரை விநாடி. வருந்துவதற்குக்கூட நேரமில்லை. என்ன தவறு செய்தோம் என்பது மனத்தில் ஈரமாக இருக்கும்போதே அடுத்த முயற்சி தொடங்கிவிடுகிறது.

டெர்ரி காவனா 2012-இல் வெளியிட்ட சூப்பர் ஹெக்ஸகன் இதையே இன்னும் கடுமையாகச் செய்தது. அதில் இடம், வலம் என இரண்டே பொத்தான்கள். நடுவில் ஓர் அறுகோணம். அதைச் சுற்றும் சிறு முக்கோணம் நாம். நாற்புறமும் சுவர்கள் நெருங்கி வரும். 60 விநாடி தாக்குப்பிடித்தால் அந்த நிலை முடிந்தது. கேட்பதற்கு எளிது, முதன்முதலில் ஆடுபவர் பெரும்பாலும் பத்து விநாடியைத் தாண்டுவதில்லை. என்னைக் கேட்டால், அது விரலுக்கும் கண்ணுக்கும் நல்ல பயிற்சி, ஆனால் ஏறிய மலை என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. இதில் தம்பிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

செலஸ்ட் கடினமான ஆட்டம் என்றாலும் கொடுமையான ஆட்டம் அன்று. நிரலைப் படித்தபோதுதான் இது எனக்கு விளங்கியது. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் இருக்கும்போது தாவு பொத்தானை அழுத்தினால் நியாயப்படி விழத்தான் வேண்டும். ஆனால் விளிம்பைவிட்ட பிறகும் 6 சட்டகம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு விநாடி, தாவுவதற்கு அனுமதி உண்டு. அதேபோல் தரையைத் தொடுமுன்னே அவசரப்பட்டு அழுத்திவிட்டால், அந்த அழுத்தத்தை 4 சட்டகம் வரை நினைவில் வைத்து, கால் பட்டவுடன் தாவச் செய்கிறது. உருவம் 8-க்கு 8 பிக்சல் கட்டத்தில் வரையப்பட்டிருந்தாலும், இடிபடும் உடல் 6-க்கு 5 மட்டுமே. மேல்நோக்கிய முட்கள், நாம் மேலே எழும்பும்போது குத்துவதில்லை. கீழே இறங்கும்போதுதான் குத்தும். இவை எதுவும் ஆடுபவருக்குத் தெரியாது. "மயிரிழையில் தப்பித்தேன்" என்று அவர் மகிழ்வார். உண்மையில் யாரோ அவருக்காக அந்த இழையைச் சற்றுத் தடிப்பாக்கி வைத்திருக்கிறார். இதனால்தான் விழும்போது ஆட்டத்தைத் திட்டாமல் நம்மை நாமே நொந்துகொள்கிறோம்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். ஆறாம் ஆண்டில் மலாய்மொழித் தாளில் எனக்குப் போதிய தரம் கிடைக்கவில்லை. அதனால் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்துக்குச் செல்லாமல் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர்ந்தேன். கணிதத்திலும் அறிவியலிலும் நல்ல புள்ளிகள்தான். ஆனாலும் ஓர் அறையில் விழுந்ததற்கு ஓர் ஆண்டு. என்னோடு அமர்ந்தவர்களில் மூவர் ஐந்தாம் படிவம் வரை வரவில்லை. இப்போது விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அவர்களில் பலர் கணக்கைத் தவறாகச் செய்யப் பயந்து, விடை எழுதாமலே தாளைத் தருகின்றனர். தம்பியும் அப்படித்தான். செலஸ்ட்டில் ஒரே அறையில் அறுபது முறை சாகும் அதே தம்பி.

தமிழர் வாழ்வைச் சொல்லும் ஆட்டமும் வந்துவிட்டது. கனடாவின் தொரொன்தோ நகரில் உருவான 'வெண்பா' 2023-இல் வெளியாகி, மறு ஆண்டில் பிரிட்டனின் பாஃப்டா விருதை முதல் படைப்புக்கான பிரிவில் வென்றது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறைதான் அதன் களம், இட்லியிலிருந்து தொடங்குகிறது. அருமையான ஆட்டம். ஆனால் அது நிதானமாக ஆட வேண்டிய கதையாட்டம். நான் சொல்லிவரும் வகையைச் சேர்ந்ததன்று. நம்மவர் செய்த விரைவாட்டம் ஒன்றை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

செய்து பார்ப்பதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. பிகோ-8-இன் கல்விப் பதிப்பு இணைய உலாவியிலேயே இலவசமாக இயங்குகிறது. செலஸ்ட்டின் ஓர் அறை 16-க்கு 16 கட்டங்கள் என்பதால், முதல் வரைவுக்குக் கணினிகூடத் தேவையில்லை. கட்டம் போட்ட கணிதப் பயிற்சிப் புத்தகம் போதும். பாட வகுப்பில் ஒருநாள் பிள்ளைகளிடம் அதைத்தான் கொடுத்தேன். முதலில் எல்லாரும் அறை முழுக்க முள் வரைந்தார்கள். வரைந்தவரே அதை விரலால் ஆடிக்காட்ட வேண்டும் என்று சொன்னதும் அழிப்பான்கள் கேட்டு ஒரே கூச்சல். ஒருத்தி மட்டும், முதலில் ஒரு சிறு பள்ளம், அப்புறம் அதே பள்ளத்தில் முள், அப்புறம் அகலமான பள்ளம் என்று வரிசைப்படுத்தியிருந்தாள். நல்ல அறை அப்படித்தான் கற்றுத்தரும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

தம்பி வரைந்தது தேயிலை மலை. செலஸ்ட்டில் சரிவான தரை கிடையாது. எல்லாம் சதுரக் கட்டங்கள். அதனால் செடி வரிசைகளைப் படிக்கட்டாக்கி, நடுவே கொழுந்துக் கூடையை வைத்து, அதற்குள் ஸ்ட்ராபெரியை ஒளித்திருந்தான். நான் அதனைக் கணினியில் ஏற்றித் தந்தேன். அவன் ஆறு முறை அழித்து வரைந்தான், தாளை வெறுமையாகத் தரவில்லை. அந்த அறையில் நான் இதுவரை 41 முறை செத்திருக்கிறேன். கூடைக்குப் போகும் வழியைக் கேட்டால், "இன்னொரு தடவ பாருங்கக்கா" என்கிறான்.